மூன்றாவது குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புளியந்தோப்பு தூய தீத்து ஆலயத்தில் எழுபத்து நான்கு பேர் எழுந்து நின்று முதல் பாட்டைப் பாடினார்கள். சுருதி இம்மியும் பிசகவில்லை. யாரும் இருமவில்லை, கொட்டாவி விடவில்லை, பக்கத்துப் பெஞ்சுக்காரியின் சேலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரசங்கம் தொடங்கியதும் மெல்ல நழுவி வேப்பமரத்தடியில் நின்று ஊர்க்கதை பேசவும் யாரும் போகவில்லை. எழுபத்து நான்கு பேரில் ஒருவரும் மூச்சுவிடவில்லை என்பது ஒன்றுதான் குறை. அதையும் அந்த வட்டாரத்தில் யாரும் குறையாக நினைப்பதில்லை.

அவர்கள் எல்லாம் பதிலிகள். வீட்டுக்கு ஒன்று வீதம் அரசாங்கமே மலிவு விலையில் கொடுத்து நாற்பது வருடமாகிறது. ஆள் உயரம், ஆள் எடை, முகத்தகட்டில் உரியவரின் முகம். வரிசையில் நிற்பது, துக்க வீட்டுக்குப் போவது, சம்பந்தி வீட்டாரிடம் சிரிப்பது எல்லாம் அவற்றின் வேலை. ஞாயிறு என்றால் கோயிலுக்குப் போய்ப் பிரசங்கத்தைக் கேட்டு, திரும்பும் வழியில் ஆட்டுக்கறி வாங்கி, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். கறி கொதிக்கும்போதே பிரசங்கத்தின் சாரத்தை உரியவரின் காதில் பதித்த செவிமணிக்கு ஏழு நொடியில் அனுப்பிவிடும். ஏழு நொடி அதிகம் என்று சிலர் மூன்று நொடிக்குக் குறைத்துக்கொண்டார்கள்.

போதகர் இம்மானுவேல் நல்லதம்பி இதற்கெல்லாம் பழகிவிட்டார். பன்னிரண்டு வருடமாக அந்தச் சபையில் இருக்கிறார். மனிதர் இயல்பிலேயே திருப்தியானவர். கேட்கிறவர் யாரானாலும் தூங்காமல் கேட்டால் போதும் என்பது அவர் கட்சி. அவருடைய பிரசங்கத்தில் எப்போதும் மூன்று குறிப்புகள் இருக்கும். அவர் தாத்தா காலத்துப் போதகர்களுக்கும் மூன்றுதான். பதிலிகளின் மூளைச்சில்லிலும் பிரசங்கம் என்றால் முன்னுரை, மூன்று குறிப்பு, முடிவுரை என்றே பதிந்திருந்தது.

அப்படிப்பட்டவரையும் ஆட்டிவைத்தது பேராயத்திலிருந்து வந்த ஒரு கடிதம். உடற்சூடு உள்ள தலைகள் குறைந்தது அறுபது வர வேண்டும். தொடர்ந்து மூன்று ஞாயிறு வர வேண்டும். இல்லையென்றால் ஆலயம் மூடப்பட்டுப் பதிலிகளுக்கான மின்னேற்று நிலையமாக்கப்படும். போதகரும் அவர் மனைவியும் கணக்கில் சேர மாட்டார்கள். கடிதத்தோடு ஒரு தலையெண்ணியும் வந்து வாசல் நிலையில் ஏறிக்கொண்டது. சூடான தலை ஒன்று உள்ளே நுழைந்தால் அது 'டிங்' என்னும். முதல் ஞாயிறு அது வாயே திறக்கவில்லை.

"வீடு வீடாப் போய்க் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி பொன்மலர்.

"போனேனே. எல்லா வீட்லயும் பதிலிதான் வந்து கதவைத் திறக்குது. கண்டிப்பா வர்றோம் பாஸ்டர்னு சொல்லுது. சொன்ன மாதிரியே அதுதான் வருது."

இந்த நேரத்தில்தான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இயக்குநர் மதியரசு ஒருநாள் வந்து நின்றார். ஆளில்லாத நகரத்துக் கோயிலை வைத்துக்கொண்டு திண்டாடும் ஒரு போதகரைப் பற்றி, 'பாவம் பாஸ்டர்' என்று தொலைக்காட்சிக்கு ஒரு சிரிப்புத் தொடர் எடுக்கிறாராம். அதற்குத் தூய தீத்து ஆலயத்தின் ஒழுகும் கூரையும் ஒட்டடையும் அப்படியே வேண்டுமாம்.

"ஆனா பெஞ்சுல நிஜ ஆளுங்க வேணும் பாஸ்டர். பதிலிங்கள உக்கார வெச்சா ஜனங்க கண்டுபிடிச்சிடுறாங்க. ரொம்ப ஒழுங்கா கேக்குதுங்க. கோயில் மாதிரியே இல்ல."

நல்லதம்பி அறிவிப்புத் தாளில் இரண்டே வரி எழுதினார். அடுத்த இரண்டு ஞாயிறும் ஆராதனை படம் பிடிக்கப்படும், நேரில் வருகிறவர்கள் தொலைக்காட்சியில் தெரிவார்கள். பதிலிகள் அதை ஏழு நொடியில் வீடு சேர்த்தன.

முதல் படப்பிடிப்பன்று தலையெண்ணி தொண்ணூற்றொரு தடவை அடித்தது. மறுவாரம் நூற்று மூன்று. தலைமுறை தலைமுறையாகக் கடைசி பெஞ்சுக்குச் சண்டை போட்ட குடும்பங்கள் முதல் பெஞ்சுக்குச் சண்டை போட்டன. பட்டுச்சேலைகள் பெட்டியை விட்டு வெளியே வந்தன. சபைச் செயலர் ராஜரத்தினம் தலைக்குச் சாயமடித்துக்கொண்டு வந்து, கேமரா இருந்த பக்கமாகவே திரும்பி ஜெபித்தார். பேராயரும் வந்தார். ஒரு காட்சியில் கை உயர்த்தி ஆசீர்வதிக்கும் வேஷம் அவருக்கு.

நல்லதம்பிக்குப் போதகர் வேஷம் கிடைக்கவில்லை. பார்த்தால் போதகர் மாதிரித் தெரியவில்லை என்று மதியரசு சொல்லிவிட்டார். அதற்கு ஒரு நடிகர் வந்தார். பிரசங்கத்தின்போது கடைசி பெஞ்சில் வாயைப் பிளந்து தூங்குகிற ஆளாக நல்லதம்பியைப் போட்டார்கள். அவர் அதை மிகவும் சிரத்தையாகச் செய்தார். "உங்க சீன் கடைசிப் பத்து நிமிஷத்துல வரும் பாஸ்டர்" என்று இயக்குநர் முதுகில் தட்டினார். அந்த இரவே நல்லதம்பி பொன்மலருக்கு இரண்டு தடவை தூங்கிக் காட்டினார்.

இனி ஒரே ஒரு ஞாயிறு. அறுபது தலை வந்துவிட்டால் ஆலயம் பிழைத்துவிடும். ஜனங்களுக்கும் கோயில் பழகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நல்லதம்பி உறுதியாக நம்பினார்.

அந்த ஞாயிறும் வந்தது. ஒன்பது மணிக்கு எழுபத்து நான்கு பேர் எழுந்து நின்று பாடினார்கள். சுருதி இம்மியும் பிசகவில்லை. தலையெண்ணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. முன் பெஞ்சில் எழுபத்தைந்தாவதாக, ஊதா அங்கியோடு ஒரு பதிலி உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தகட்டில் பேராயர் புன்னகைத்தார்.

"என்னாச்சு? எங்க எல்லாரும்?" என்று பொன்மலரிடம் கிசுகிசுத்தார்.

"ஒம்போதரைக்கு டிவியில முதல் பாகம் போடுறான்ல? எல்லாரும் வீட்ல உக்காந்து, கோயில்ல உக்காந்திருக்கிறதப் பாக்கப் போறாங்க."

அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும் என்பது போல, நல்லதம்பி பீடமேறினார். பெரிய விருந்துக்கு அழைக்கப்பட்டும் சாக்குச் சொல்லி வராமல் போன மூன்று பேரின் உவமைதான் அன்றைக்கு வசனம். முதல் குறிப்பு, வயல் வாங்கினவன். இரண்டாவது, ஏர்மாடு வாங்கினவன். இரண்டையும் சொல்லி முடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே கால். கடைசிப் பத்து நிமிடம் இன்னும் ஐந்தே நிமிடத்தில் தொடங்கிவிடும்.

ஆலயம்தான் போகப்போகிறது, தூங்குகிறதையாவது பார்ப்போமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மூன்றாமவனை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டமாக ஆசீர்வாதத்தைச் சொல்லி, அங்கியைக்கூடக் கழற்றாமல் பக்கத்திலிருந்த போதகர் வீட்டுக்கு விரைந்தார். பொன்மலர் அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தாள்.

திரையில் அவர் தூக்கம் அருமையாக வந்திருந்தது. பொன்மலர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பதினொன்றேமுக்காலுக்குத் தொலைபேசி அழைத்தது. செயலர் ராஜரத்தினம்.

"பாஸ்டர், இன்னைக்கு ஆராதனை பிரமாதம்! என் முகம் ஆறு தடவை வந்துச்சு. அது இருக்கட்டும், என் பதிலி இன்னும் வீட்டுக்கு வரலையே? கறி எடுக்கணும் பாஸ்டர், சமையல் நடக்கணும்."

நல்லதம்பி ஆலயத்துக்குப் போய்ப் பார்த்தார். எழுபத்தைந்து பதிலிகளும் வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தன.

"ஏன் இன்னும் போகல?"

"மூன்றாவது குறிப்பு வரவில்லை" என்றது ராஜரத்தினத்தின் பதிலி. "ஆகவே பிரசங்கம் முடியவில்லை. ஆசீர்வாதம் பிழையாக முன்னே வந்துவிட்டது. முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது உத்தரவு."

உத்தரவு போட்டவர்கள் உரியவர்களேதான். பதிலிகள் பாதியில் எழுந்து வந்தால் போதகர் தப்பாக நினைப்பாரே என்று எந்தக் காலத்திலோ ஆளுக்காள் பதிந்து வைத்திருந்தார்கள். ஐயோ பாவம் என்று நல்லதம்பி மூன்றாவது குறிப்பைச் சொல்ல வாய் திறந்தார்.

'டிங்' என்றது வாசல். ராஜரத்தினம் லுங்கியோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

நல்லதம்பி திறந்த வாயை மூடிக்கொண்டார். தலையெண்ணியைப் பார்த்தார். ஒன்று. பின்னாலேயே வந்த பொன்மலரைப் பார்த்தார். அவள் அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"சும்மா நில்லுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "மத்தியானம் ஒரு மணி வரைக்கும் அது கணக்கு எடுக்கும்."

"ஏய், எழுந்திரு!" என்று ராஜரத்தினம் தம் பதிலியை அதட்டினார்.

"உஸ்ஸ்" என்றது பதிலி. அது அவரே கற்றுக்கொடுத்த மரியாதை.

கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அணைத்துவிடலாம். அணைத்தால் எண்பது கிலோவைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ராஜரத்தினம் யோசித்துப் பார்த்துவிட்டுத் தூணில் சாய்ந்தார்.

"மூணாவது குறிப்பைச் சொல்லி விட்ருங்களேன் பாஸ்டர்."

"அவசரப்பட்டுச் சொல்ற குறிப்பு இல்லீங்க அது. கொஞ்சம் ஜெபிச்சுத்தான் சொல்லணும்."

ஜெபித்தார். உண்மையாகவே ஜெபித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு 'டிங்'குக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். பன்னிரண்டு மணிக்குப் பதினேழு. பசி ஏற ஏறக் கூட்டம் வந்தது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். எண்ணெய்த் தலையோடு ஆண்கள் வந்தார்கள். அடுப்பு பற்றவைக்கத் தெரிந்த ஒரே ஜீவன் கோயிலில் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன செய்வது? பெஞ்சில் இடமில்லாததால் அவரவர் பதிலியின் பின்னால் கைகட்டி நின்றார்கள். சிலர் வேப்பமரத்தடிக்குப் போய் அரட்டை அடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தலையெண்ணி விவரமானது, ஒரே தலையை இரண்டு தடவை எண்ணவில்லை.

ஒரு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது ஐம்பத்தொன்பதில் நின்றுவிட்டது. நல்லதம்பி வாசலையே பார்த்தார். வாசலில் ஒரு கார் நின்றது. பேராயர் இறங்கினார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். அவர் மாளிகைச் சமையலறைச் சாவி அவர் பதிலியின் பையில் இருந்தது.

'டிங்.'

நல்லதம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. பீடமேறினார். "மூன்றாமவன்" என்றார். நின்ற அறுபது பேரும் நிமிர்ந்தார்கள். இவ்வளவு ஆவலோடு யாரும் அவர் வாயைப் பார்த்ததில்லை. "மூன்றாமவன், தனக்குக் கல்யாணமாகிவிட்டது, அதனால் வர முடியாது என்றான். பசிக்கவில்லை என்று மூன்று பேரில் ஒருவனும் சொல்லவில்லை. பசித்திருந்தால் வந்திருப்பார்கள். ஆமென்."

எழுபத்தைந்து பதிலிகளும் ஒன்றாக எழுந்து கறிக்கடைக்கு நடந்தன.

இதைத் தொடரில் ஒரு பாகமாக எடுக்கலாமே என்று நல்லதம்பி கேட்டபோது, மதியரசு தலையை ஆட்டினார். "நம்புற மாதிரி இல்ல பாஸ்டர்."

அதற்கப்புறம் தூய தீத்து ஆலயத்தில் காலையில் இரண்டு குறிப்பு, பன்னிரண்டரைக்கு மூன்றாவது என்று வழக்கமாகிவிட்டது. வருகையில் நகரத்திலேயே முதலிடம். பேராயம் ஒரு கேடயம்கூடக் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்துச் செயலர் ராஜரத்தினம் பதிலிக் கடைக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது பொன்மலர் காதில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் போதும்ங்க. கோயில்லேர்ந்து எங்க பதிலியக் கூட்டிட்டு வர இன்னொரு பதிலி வேணும். சூடா இருக்கிற மாதிரி மாடல் கிடைக்குமா?"

பொன்மலர் ஓடிவந்து சொன்னாள். நல்லதம்பி பதறவில்லை. கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு வேதாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நாலாவது குறிப்புக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தார்.