பிரிஜிதாவின் அளவு

தையல் மெஷினை மூன்று சக்கர வண்டியிலிருந்து இறக்கும்போதே கொசிமோ வாயைத் திறந்துவிட்டான். அந்தப் பழைய மாளிகைக்குக் காவல் இருப்பது அவன் வேலை. ஊர் வம்பு அளப்பது அவனாக எடுத்துக்கொண்ட வேலை.

"என்ன தெரெசினா, பிரிஜிதா உக்காந்த நாற்காலி சூடு ஆறறதுக்குள்ள வந்துட்டே?"

"அவ நாற்காலி எனக்கெதுக்கு? என் ஸ்டூலைக் கொண்டாந்திருக்கேன். நீ சாவியக் குடு."

"குடுக்கறேன். ஆனா மத்தியானம் ஜன்னல் சாத்துற நேரத்துல இங்க இருக்காதே. வீட்டுக்குப் போய்ப் படு."

"நான் படுத்தா கவுனை யாரு தைப்பா, உன் பொண்டாட்டியா?"

கொசிமோ சிரித்தான். ஆனால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

ரோக்காமாரா என்ற அந்த ஊரில் ஜூலை மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் நாய்கூட நடக்காது. வெயில் சுண்ணாம்புச் சுவரில் பட்டுக் கண்ணைக் குத்தும். ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்திவிட்டு ஊரே இருட்டில் படுத்துவிடும். நடுராத்திரியை அங்கே யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. பயப்படுவதெல்லாம் அந்தச் சாத்திய நேரத்துக்குத்தான்.

மாதக் கடைசியில் ஊர்வலம். எந்தக் காலத்திலோ ஓர் இளம் சீமாட்டி கல்யாணமாகி இந்த ஊருக்குள் நுழைந்தாளாம். அதை வருஷா வருஷம் தமுக்கு, கொடி, குதிரை சகிதம் நடித்துக் காட்டுவார்கள். இந்த வருஷம் சீமாட்டியாக வரப்போகிறவள் தெரெசினாவின் மகள் மிரெல்லா. தகப்பனில்லாமல் வளர்ந்த பெண், வெள்ளைக் குதிரையில் ஏறித் தேவாலயத்துக்குப் போகப் போகிறாள். தெரெசினா அதற்காக எதையும் செய்வாள்.

கவுன் மட்டும் பாதியில் நின்றிருந்தது. பரம்பரையாய் அந்தக் கவுன்களைத் தைத்துவந்த பிரிஜிதா, வசந்தகாலத்தில் இதே மாளிகையின் தையலறையில், ஊசியும் கையுமாகச் செத்துப்போனாள்.

பிரிஜிதாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் தையல் அவ்வளவு நெருக்கம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பிசிறு தெரியாது. நாக்கும் அதே கூர்மை. தெரெசினா தைத்த சட்டைக் கை ஒன்றை ஊர்வலக் கமிட்டிக்காரர்கள் எல்லோர் எதிரிலும் தூக்கிப் பிடித்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு. இதப் போட்டுக்கிட்டு சீமாட்டியா வருவா, இல்ல அடுப்படிக்கா?" என்று கேட்டு, ஒரே இழுப்பில் தையலைப் பிரித்துக் காட்டினாள். மிரெல்லா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அந்த அவமானம் தெரெசினாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

பிரிஜிதாவுக்கு நாதி இல்லை. செத்தபோது பிணத்துக்கு உடுத்திவிடத் தெரெசினாவைத்தான் கூப்பிட்டார்கள். சவப்பெட்டிக்கென்று பிரிஜிதாவே முன்கூட்டித் தைத்து வைத்திருந்த கறுப்புப் பட்டு, வீங்கிய உடம்புக்குப் பற்றவில்லை. தெரெசினா முதுகுப் பக்கம் கிழித்து, இடையில் துண்டு கொடுத்து, உடம்போடு வைத்தே தைத்தாள். உயிரோடிருப்பவர்களுக்கு அப்படித் தைக்கக் கூடாது. தைத்தே தீர வேண்டுமென்றால் உடுத்தியிருப்பவள் பல்லிடுக்கில் ஒரு நூலைக் கடித்திருக்க வேண்டும். நூல் கடிக்காத உடம்பில் ஊசி போடுவது பிணத்துக்கு மட்டும்தான்.

அதுவரை தவறில்லை. ஆனால் தெரெசினா அந்த முதுகைத் தைத்தது கறுப்பு நூலால் அல்ல. வெள்ளை நூலால், நீள நீளமாய், அளவு பார்ப்பதற்கு முன் துணியைச் சும்மா சேர்த்துப் பிடித்து வைக்கும் ஓடுதையல். முதுகைத் திருப்பி யார் பார்க்கப் போகிறார்கள்? தைக்கும்போது சிரித்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஊர்த் தையற்காரிகளுக்கு வெள்ளை நூலின் அர்த்தம் தெரியும். உடுப்பு இன்னும் முடியவில்லை, உடையவள் அளவு பார்க்க மறுபடியும் வர வேண்டும் என்று அர்த்தம்.

அறை விசாலமானது. நடுவில் மரப் பொம்மையின்மேல் கவுன் நின்றது. செக்கச் சிவந்த வெல்வெட், சதுரக் கழுத்து, தரையைக் கூட்டும் பாவாடை. தனியாகத் தைத்து நாடாவால் தோளில் கட்டும் கைகள். அவற்றின் பிளவுகளுக்குள்ளிருந்து உள்சட்டையின் வெள்ளை லினன் பிதுங்கித் தெரிய வேண்டும். விளிம்பெல்லாம் சரிகைப் பின்னல் வைக்கும் வேலை பாக்கி. தெரெசினா முதல் நாளே இடுப்பை மிரெல்லாவின் அளவுக்குப் பிடித்து, கழுத்தைச் சுற்றிச் சரிகை வைத்தாள். மத்தியானம் வீட்டுக்குப் போய், பாஸ்தா சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

இடுப்பு தளர்ந்திருந்தது.

அளவு தப்பாகப் போட்டுவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி பிடித்தாள். மறுநாள் இன்னும் அகலம். கைகளின் நீளமும் குறைந்திருந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவள் போட்ட தையல் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் வேறு தையல் ஓடியது, பூதக்கண்ணாடிக்கும் பிசிறு காட்டாத தையல்.

படியிறங்கிப் போய்க் கொசிமோவின் சட்டையைப் பிடித்தாள்.

"எவளுக்குடா சாவி குடுத்தே? எம் பொண்ணு குதிர ஏறறது எவளுக்குடா பொறுக்கல?"

"சாவி என் இடுப்புலயே இருக்கு! மாதா மேல சத்தியம். நான்தான் அன்னிக்கே சொன்னேனே, அந்த நேரத்துல..."

"என்ன அந்த நேரத்துல?"

அவன் தெருவைப் பார்த்தான். "மெழுகு வாசன வருது," என்றான் மெதுவாக. "அவ நூலுக்குத் தேய்ப்பாளே, தேன்மெழுகு. மாடிப்படி வரைக்கும் வருது."

தெரெசினா மேலே போய் அளவு நாடாவைக் கவுனில் வைத்துப் பார்த்தாள். இடுப்பு, மார்பு, கை. அந்த அளவுகளை அவள் ஏற்கெனவே ஒரு தடவை எடுத்திருக்கிறாள், குளிர்ந்த ஓர் உடம்பின்மேல்.

வேறொருத்தியாக இருந்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். ஆனால் இவள் விலகினால் கமிட்டி வேறு தையற்காரியைப் பார்க்கும், அப்படியே வேறு பெண்ணையும் பார்க்கும். மிரெல்லாவோ தினமும் கண்ணாடி முன் குதிரையேறுவதுபோல் நடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். தெரெசினா பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். இவள் காலையில் சுருக்க, மத்தியானம் அது விரிய, ஊர்வல நாளும் வந்துவிட்டது.

அன்று சாத்திய நேரத்திலேயே அலங்கரித்தாக வேண்டியிருந்தது. வெயில் தாழ்ந்ததும் ஊர்வலம் கிளம்பும். ஜன்னல் இடுக்குகளில் மட்டும் வெளிச்சக் கீற்று. மிரெல்லா சடையில் முத்துச் சரம் சுற்றி, தர்ப்பூசணி தின்ற வாயோடு வந்தாள்.

"அம்மா, என்னம்மா இது! இதுக்குள்ள நாலு சீமாட்டி புகுந்துக்கலாம் போலிருக்கே!"

கவுன் அவள்மேல் கோணிப்பைபோல் தொங்கியது. காலையில்தான் தெரெசினா அதைக் கச்சிதமாகப் பிடித்து வைத்திருந்தாள்.

"நேரா நில்லு. மேலயே வச்சுத் தைச்சுடறேன்."

மகளின் எதிரே மண்டியிட்டு முன்பக்கத் தையலைப் பிடித்தாள். ஆத்திரத்தில் வேகவேகமாக ஊசியைச் செலுத்தினாள். வெளியே தூரத்தில் தமுக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிரெல்லா குதிரையைப் பற்றியும், கொடி பிடிக்கும் பையனைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள்.

பேசிக்கொண்டே இருந்தாள். வாயில் நூல் இல்லை.

தெரெசினாவுக்கு அது உறைத்தபோது, மிரெல்லா பேச்சை நிறுத்தியிருந்தாள்.

"அம்மா."

"என்னடி?"

"நீ முன்னாடி இருக்கே."

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்ப முதுகுல யாரு தைக்கறா?"

மெழுகு வாசனை. அதற்கடியில் நாள்பட்ட பூமாலையின் அழுகல்.

தடித்த வெல்வெட்டில் நூலை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும், யாரோ மூச்சை உறிஞ்சுவதுபோல. அந்தச் சத்தம் மிரெல்லாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

தெரெசினா எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. கவுனின் முதுகு மட்டும் தானாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

"நிமிரு," என்றது ஒரு குரல். தையற்காரிகள் அளவு பார்க்கும்போது சொல்லும் அதே அலட்சியம். "மூச்ச உள்ள இழு."

மிரெல்லா நிமிர்ந்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

வெளியே விடவில்லை.

"பிரிஜிதா!" தெரெசினா தரையில் விழுந்தாள். "தப்புதான், நான் பண்ணினது தப்புதான்! எம் பொண்ண விடு. உன் முதுகை நான் ஒழுங்கா தைச்சுத் தர்றேன். கறுப்பு நூல்ல. மாதா மேல ஆணை!"

நூல் இழுபடும் சத்தம் நின்றது. பிறகு அதே நிதானத்தோடு தொடர்ந்தது.

மிரெல்லாவின் உதடு நீலம் பாய்ந்தது. தெரெசினா பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். இடுப்பிலிருந்து கழுத்துவரை வெல்வெட்டையும் சரிகையையும் சேர்த்து வெட்டிக் கிழித்தாள். ஊரார் வருஷம் பூராவும் காத்திருந்த கவுன் இரண்டாகப் பிளந்து விழுந்தது. மிரெல்லா கரை ஏறியவள்போல் மூச்சை வாங்கிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

அன்று வெள்ளைக் குதிரை வெறும் சேணத்தோடு ஊர்வலம் போனது. கமிட்டிக்காரர்கள் தெரெசினாவை வாசலில் நிறுத்திக் கேட்காத கேள்வி இல்லை. மகளுக்கு உயிர் இருக்கிறது, அது போதும் என்று வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் மிரெல்லாவின் உள்சட்டையைக் கழற்றப் பார்த்தபோது அது வரவில்லை.

முதுகெலும்பின் வழியே, இடுப்பிலிருந்து மேல்நோக்கி, சிவப்பு நூலில் மிக நெருக்கமாக ஒரு தையல் ஓடியது. லினனையும் தோலையும் சேர்த்து. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, வலியும் இல்லையாம். முதுகின் நடுவில் தையல் நின்றிருந்தது. கோத்த ஊசி அங்கேயே குத்தி வைக்கப்பட்டிருந்தது, நாளைக்குத் தொடரலாம் என்று விட்டுப்போன வேலையாக. ஊசியை உருவப் பார்த்தாள். அது அசையவில்லை.

டாக்டர் வந்து ஒரே ஒரு தையலை வெட்டினார். மிரெல்லாவின் மூச்சு நின்றது. அவர் கத்தரியைக் கீழே போட்ட பிறகுதான் திரும்ப வந்தது. வெட்டிய இடம் கண்ணெதிரே மூடிக்கொண்டது. "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார். கூட்டிப் போனாள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் பெண்ணுக்கு மூச்சு இழுத்தது. திரும்பிவிட்டார்கள். பாதிரியார் தெளித்த தீர்த்தம் லினனில் காய்ந்து போனது.

தினமும் சாத்திய நேரத்தில் தையல் ஒரு விரல் அகலம் மேலே ஏறியது.

தெரெசினாவுக்கு ஒரே வழிதான் தோன்றியது. முதுகைத் தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று, ஆனால் கல்லறையைத் திறக்க விடமாட்டார்கள். வீட்டிலிருந்த நல்ல கறுப்புப் பட்டை எடுத்து, அந்தக் குளிர்ந்த அளவுகளை நினைவுபடுத்தி வெட்டி, பிரிஜிதாவுக்குப் புதிதாக ஓர் உடுப்பைத் தைக்க உட்கார்ந்தாள். மெஷினைத் தொடவில்லை. கண்ணீர் துணியில் விழாமல் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தையலையும் எறும்பு ஊர்கிற நெருக்கத்தில் போட்டாள். தன் வாழ்நாளில் அவள் அப்படித் தைத்ததில்லை. கோணலாக விழுந்த தையலைத் தானே பிரித்து மறுபடி போட்டாள். உள்ளே மகள் சீராக மூச்சு விடுவது கேட்கும்போதெல்லாம், பிரிஜிதா ஏற்றுக்கொள்கிறாள், ஏற்றுக்கொள்கிறாள் என்று நம்பினாள். அந்த நாட்களில் மிரெல்லாவின் முதுகுத் தையலும் நின்ற இடத்திலேயே நின்றது.

முடித்த அன்று, உடுப்பை மேசைமேல் விரித்து வைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள்.

"பிரிஜிதா, பாத்துக்க," என்றாள் இருட்டிடம். "முதுகையும் திருப்பிப் பாத்துக்க. இதுக்கு மேல எனக்கு வராது."

கதவை மூடிக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் மறுபடி மனிதக் குரல் கேட்ட பிறகு எழுந்து போய்த் திறந்தாள்.

கறுப்புப் பட்டு மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. முன்பக்கம், பின்பக்கம், கைகள், பாவாடை, எல்லாம் இஸ்திரி போட்டு மடித்து அடுக்கப்பட்டிருந்தன. அவள் போட்ட தையல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிரித்த நூல் எங்கும் அறுபடாமல், கட்டையில் ஒழுங்காகத் திரும்பச் சுற்றியிருந்தது.

உள்ளறையிலிருந்து மிரெல்லாவின் குரல் வந்தது. தலையை அசைக்காமல் பேசுகிறவளின் குரல்.

"அம்மா, சத்தம் போடாதே. கழுத்துக்கு அளவு எடுக்கறா."