தொலைக்கத் தெரியாதவன்

பகுத்தறிவே மனித குலத்தின் மணிமகுடம். உணர்ச்சிப் புயலில் ஊரே தத்தளிக்கும்போதும், எதையும் ஆராய்ந்து முடிவெடுப்பவன் மட்டும் கலங்கரை விளக்கம்போல அசையாமல் நிற்கிறான்.

அப்படிப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்று, திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, மழையில் தொப்பலாக நனைந்து, ரயில் நிலையத்தின் 'காணாமற்போன பொருட்கள்' கவுன்டர் முன்னால் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிய காலில் ஷூ இல்லை. சாக்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வயது முப்பத்தொன்று. வேலை, ரயில்களுக்குக் கால அட்டவணை போடுவது. நானூறு ரயில்கள் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுவது அவன் மூளையின் தயவு. ஆபீஸில் அவனுக்கு 'அட்டவணை' என்றே பெயர். அந்த அட்டவணை, தான் நேரம் குறித்த ரயிலிலேயே, ஷூவுக்குள் புகுந்த கல்லை எடுக்க அதைக் கழற்றியது. அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு சிக்னல் மூன்று நொடி தாமதமாக விழுந்தது. ஏன் மூன்று நொடி... என்று யோசித்துக்கொண்டே இறங்கிவிட்டான். பிளாட்பாரத்தின் ஈரம் பாதத்தில் ஏறியபோதுதான் உறைத்தது.

கவுன்டருக்குப் பின்னால் இருந்தவள் நிமிர்ந்தாள்.

பெரிய கண்கள்... மழைக்குச் சற்று ஒதுங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கத் தோன்றும் கண்கள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன தொலைச்சீங்க சார்?"

"இடது கால் ஷூ. எட்டாம் நம்பர். குதிகாலோட வெளிப்பக்கம் மூணு மில்லிமீட்டர் தேஞ்சிருக்கும். மேல் துளை ரெண்டுல லேஸ் கோத்திருக்காது."

"அடேங்கப்பா! கலர்?"

அவன் கண்ணை மூடி யோசித்துப் பார்த்தான்.

"கலர்... கவனிச்சதில்லைங்க."

"வலது கால்ல இருக்கே சார். குனிஞ்சு பாருங்க."

குனிந்தான். பழுப்பு! அதிர்ந்துபோனான். ஒன்பது மாதமாகக் கறுப்பு என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தான்? காலையில் யோசனையில் நேரம் போகக் கூடாது என்று பலநாள் ஆராய்ந்து, ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கியவனும் அவனேதான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு அப்படியும் கண் வழியாகத் தப்பித்து வந்துவிட்டது.

அவனிடம் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, ஆபீஸில் எல்லாருக்கும் ஏதோ குணப் பரீட்சை வைத்துக் கொடுத்தது: 'ஆய்ந்தறிபவர். தனிமை விரும்பி. நூற்றில் இருவரே இவ்வகையினர்.' அதைச் சட்டம் போட்டு மேசைமேல் நிறுத்தியிருந்தான். மற்றது டாக்டர் கொடுத்தது: ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு. "உங்களுக்குக் கவனம் நிறையவே இருக்கு தம்பி. அது உங்க பேச்சைக் கேக்காது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அந்தக் காகிதம் நாலாக மடிக்கப்பட்டு அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. முதலாவதை உலகமே பார்க்க வேண்டும், இரண்டாவதை ஒரு ஈ, காக்கைகூடப் பார்க்கக் கூடாது... இதுதான் நூற்றில் இருவரில் ஒருவருடைய வாழ்க்கைத் திட்டம்.

ஷூ அன்று மாலையே கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் குடை தொலைந்தது. அப்புறம் டிபன் டப்பா. "இன்னும் வந்து சேரலை சார், நாளைக்கு வாங்களேன்" என்று அவள் சொல்ல, அதற்காக மட்டும் நாலு நாள் நடந்தான். பிறகு, உடைந்த கண்ணாடியை மாற்றக் கொண்டுபோன அந்தக் குணப் பரீட்சைச் சான்றிதழே சட்டத்தோடு தொலைந்தது.

மறுநாள் அது கவுன்டருக்கு வந்திருந்தது. அவள் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"நூத்துல ரெண்டு பேரா? அந்த இன்னொருத்தராவது குடையை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறாரா சார்?"

அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்தது, ஒன்பது மணி நேரம் கழித்து, பல் தேய்க்கும்போது. அவனுடைய பேச்சு எப்போதும் கடைசி ரயிலில்தான் வந்து சேரும்.

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போன வெள்ளிக்கிழமை பக்கத்து டிக்கெட் கவுன்டர் அக்கா கழுத்தை நீட்டி, "சும்மா கேளுடி!" என்று கிசுகிசுத்தாள். இவள் முகம் சிவந்தது. பேனாவைக் காதில் செருகினாள். எடுத்தாள். மறுபடி செருகினாள்.

"சார்... உண்மையைச் சொல்லுங்க. இதெல்லாம் என்னைப் பார்க்கத்தானே தொலைக்கிறீங்க?"

அவனுக்குள் நானூறு ரயில்களும் ஒரே நேரத்தில் நின்றன. இந்த மாதிரி வேளையில் ஆராய்ச்சி மனம் என்ன செய்யும்? ஆராயும்.

"இல்லைங்க. உங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியும் மாசத்துக்கு நாலு பொருள் தொலைச்சேன். இப்பவும் நாலுதான். நீங்க காரணமே இல்லை."

டிக்கெட் அக்காவின் கழுத்து சட்டென்று உள்ளே போய்விட்டது.

"அப்ப எதுதான் சார் காரணம்?"

சட்டைக்கடியில் கிடந்த காகிதம் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தினான். "அது... உயர்ந்த சிந்தனையில இருக்கறவங்களுக்கு இந்தச் சின்னப் பொருளெல்லாம்..."

"ஓ." மழைக்கு ஒதுங்க இடம் தந்த கண்கள் கதவைச் சாத்திக்கொண்டன. "நாங்க கீழே விழுந்ததைப் பொறுக்கறவங்க. சரி, கையெழுத்துப் போடுங்க. இனிமே எது கிடைச்சாலும் உங்க ஆபீஸுக்கே பார்சல் வந்துரும். நீங்க அலைய வேண்டாம்."

மூன்றாவது ஸ்டேஷன் தாண்டியபோதுதான், இனி அவளைப் பார்க்க ஒரு காரணமும் மிச்சமில்லை என்பது அவனுக்கு உறைத்தது. உடனே தன் சொந்த அக்காவுக்குப் போன் போட்டான்.

"டேய், ஒரு பொண்ணு வாய்விட்டுக் கேட்டிருக்கா, நீ சராசரி சொல்லிட்டு வந்திருக்கியா?" என்று அவன் உடன்பிறந்தவள் கத்தினாள். "போய் உண்மையைச் சொல்லுடா!"

நேரில் சொல்வதா? தனிமை விரும்பிக்கு வேர்த்துக் கொட்டியது. ஆராய்ந்தான். மிகச் சிறந்த திட்டம் ஒன்று பிறந்தது. டிபன் டப்பாவுக்குள் டாக்டர் காகிதத்தையும் ஒரு கடிதத்தையும் வைத்து, ரயிலில் தொலைத்துவிட வேண்டியது. டப்பா அவளிடம் போகும். அவள் திறந்துதானே பதிவு செய்ய வேண்டும்? தொலைப்பதில் அவனுக்கு முப்பது வருட அனுபவம்!

செவ்வாய்க்கிழமை டப்பாவை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான். ஒரு கல்லூரிப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்து கையில் திணித்தாள். புதன்கிழமை இருக்கைக்கு அடியில் தள்ளினான். டிக்கெட் பரிசோதகர், "யாருப்பா டப்பா?" என்று பெட்டி அதிரக் கேட்க, நாலு பேர் அவனையே கைகாட்டினார்கள். வியாழக்கிழமை சாமான் தட்டில் சொருகினான். இறங்கும்போது, பழகாத கை தானாக நீண்டு அதை எடுத்துக்கொண்டது. பிளாட்பாரத்தில் நின்று கையைப் பார்த்தான்... டப்பா! இன்னொரு கையில் குடை! மூக்கில் கண்ணாடி!

அந்த வாரம் முழுக்க எதுவுமே தொலையவில்லை. பேச்சுக் கேட்காத அவன் கவனம் எங்கேயோ ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. எங்கே என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை, நல்ல மழை. கவுன்டர் முன்னால் போய் நின்றான்.

"என்ன தொலைச்சீங்க?" அவள் நிமிரவில்லை.

"ஒண்ணும் தொலைக்கலைங்க."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒண்ணும் தொலைக்காம வந்திருக்கேன்."

பேனா நின்றது. அவன் டப்பாவை நகர்த்தினான். அவள் திறந்து, கடிதத்தை ஒதுக்கிவிட்டு, முதலில் டாக்டர் காகிதத்தைப் படித்தாள்.

"இதுதானா அந்த உயர்ந்த சிந்தனை?"

"ஆமாங்க. சொன்னா என்னைக் குறைவாப் பார்ப்பீங்கன்னு..."

"ஒத்தை ஷூவோட வந்து நின்ன மனுஷனை இதுக்கு மேல எப்படி சார் குறைவாப் பார்க்கறது?" காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். "சரி, இப்ப எதைக் கேட்டு வந்திருக்கீங்க?"

"...உங்களை."

டிக்கெட் கவுன்டரில் சில்லறை சிதறும் சத்தம் கேட்டது.

"யார் கேட்டு வந்தாலும் அடையாளம் சொல்லணும்" என்றாள் அவள், பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே. "அதுதான் இங்க விதி."

"சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி இடது கண் கொஞ்சம் சின்னதாகும். பேனாவை மூடாம காதுல செருகுவீங்க, அதனால காதுக்கு மேல ஒரு நீலக் கோடு இருக்கும். இன்னைக்கு ரெண்டு கோடு. போன வெள்ளிக்கிழமை... உங்க கண்ணு ஏன் சிரிக்கலைன்னு எனக்கு ஒன்பது மணி நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது."

அவள் கை காதுக்குப் போனது. விரலில் மை. இவ்வளவு நாளாக ஒருத்தரும் சொல்லவில்லையா! திகைத்து, பக்கத்துக் கவுன்டரை முறைத்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள் மெல்ல. "உங்க டிபன் டப்பா... முதல் நாளே வந்துருச்சு. நான்தான் நாலு நாள் அலைய விட்டேன்."

"நாலு நாளா!"

"கழுவிக்கூட வச்சிருந்தேன்."

அவன் டப்பாவை மூடினான், மறுபடி திறந்தான். பதிலுக்கு இந்த முறை ஒன்பது மணி நேரம் காத்திருக்க அவள் தயாராக இல்லை. கன்னத்தில் கை வைத்து, கண்ணால் சிரித்தாள்.

"கடைசிக் கேள்வி. ஷூ என்ன கலர்?"

"பழுப்பு!" என்றான் குனியாமலே, தலை நிமிர்ந்து, நூற்றில் இருவருக்குரிய கம்பீரத்தோடு.

சரியான பதில்தானா என்று அவள் கவுன்டர்மேல் எக்கிப் பார்த்தாள். பழுப்புத்தான். இரண்டும் இடது கால் ஷூ.