வியர்க்கும் இன்வெர்ட்டர்

பாலாற்றுப் பக்கம் வெயில் இறங்கி வெகு நேரமாகியும், மாடிப்படித் திருப்பத்துச் சுவரில் மாட்டியிருந்த சோலார் இன்வெர்ட்டரின் விசிறி நிற்கவில்லை. காய்ந்த துணிகளை மாடியிலிருந்து அள்ளிக்கொண்டு இறங்கிய பிரவீனா அதை அன்றுதான் கவனித்தாள். வெயில் போனால் அந்தப் பெட்டியும் அடங்கிவிடும். செவிலிமேட்டில் இந்தப் பழைய வீட்டை வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். இப்போதோ அதன் அடிப்பக்கத் துளைகளிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

காற்றோடு ஒரு வாடை. அவள் அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தவர். பட்டு நூலை வேகவைத்த சோப்புத் தண்ணீரைக் கொட்ட மறந்து மூடிவைத்துவிட்டால், பிறகு திறக்கும்போது ஒரு அழுகல் நாற்றம் எழும். இது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் யாரோ வாயைத் திறந்து நேராக முகத்தில் ஊதியதுபோல் ஈரமாக இருந்தது.

"பழைய மிஷினு பிரவீ. உள்ள கெபாசிட்டர் ஒழுகுது போல" என்றான் கணவன் வசந்த். போனிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளும் புது மாடல் ஒன்றின் மேல் அவனுக்கு வெகு நாளாகவே கண். "ஞாயித்துக்கெழம மாத்திடலாம்."

மறுநாள் காலை பெட்டிக்குக் கீழே சுவரில் மஞ்சளாக ஒரு கோடு வழிந்திருந்தது. பழைய துணியால் துடைத்தாள். துணியை எடுத்தபோது கூடவே நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றின் லேபில் வேலை பார்ப்பவள் பிரவீனா. சளி, சீழ், மலம் என்று நாள் முழுவதும் கையாள்பவள். அவள் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. இந்தத் துணியை மட்டும் இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல் நுனியில் வழவழப்பு போகவில்லை. மதியம் சோற்றைப் பிசையும்போது அது மறுபடி ஊறுவதுபோல் இருந்தது. சாப்பிடாமலே டப்பாவை மூடினாள்.

அடுத்த நாள் சுவரில் மறுபடி வழிந்திருந்ததில் கொஞ்சம் கண்ணாடித் தகட்டில் தடவி லேபுக்கு எடுத்துப் போனாள். உடன் வேலை செய்யும் அபிநயா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அக்கா, இது யாரோடதுக்கா? பேரு எழுதல."

"ஏன், என்ன இருக்குது?"

"வாய்க்குள்ள சுரண்டி எடுத்த மாதிரி கீதுக்கா. தோல் செல்லு கொத்துக் கொத்தா. நடுவுல ரத்தம். இப்பத்தான் எடுத்தீங்களா? அவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்குது."

பிரவீனா தானும் பார்த்துவிட்டுத் தகட்டைக் கழிவுத் தொட்டியில் போட்டாள். அன்று மாலை வசந்த் கேட்டுவிட்டுச் சிரித்தான். பல்லி உள்ளே புகுந்து செத்திருக்கும் என்றான். பல்லியின் ரத்தச் சிவப்பணுவுக்கு நடுவில் உட்கரு இருக்கும். அவள் பார்த்ததில் இல்லை. எலிக்கும் இருக்காது, மனிதருக்கும் இருக்காது. எலி என்றே வைத்துக்கொண்டாள். இருந்தாலும் அந்தப் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் புடவையை ஒதுக்கிப் பிடித்து, எதிர்ச் சுவரை ஒட்டியே நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், புது இன்வெர்ட்டரைப் பைக்கில் கட்டிக்கொண்டு ராமராஜன் வந்தான். இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சோலார் மாட்டுபவன் அவன்தான். வசந்த் பக்கத்தில் நின்று பார்க்க, பேனலிலிருந்து வரும் சுவிட்சை அணைத்தான். வீட்டுக்குப் போகும் சுவிட்சையும் அணைத்தான். விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது.

"உள்ள சார்ஜ் நிக்கும் மேடம். கொஞ்ச நேரம் வுடுங்க, தானா அடங்கிரும்."

டீ குடித்தான். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அப்போதும் அது அடங்கவில்லை. திருகுகளைக் கழற்றினான். மூடி வரவில்லை. ஸ்குரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினான். புண்ணில் ஒட்டிய கட்டுத்துணியைப் பிய்ப்பதுபோல் ஒரு சத்தம். பலாப்பழத்தைப் பிளந்ததுபோல் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே பிசின் இழை இழையாக நீண்டு, அறுந்து, அவன் மணிக்கட்டில் சுருண்டது.

உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமாக, கன்னத்தின் உட்புறம்போல் மடிப்பு மடிப்பாக ஏதோ பெட்டி முழுக்க நிறைந்திருந்தது. ஒயர்கள் அதற்குள் போய் மறைந்தன. அவை நுழைந்த இடங்களில் ஈறுபோல் வெளுத்துத் தடித்திருந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட விசிறி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சதையைச் சீவியது. சீவிய இடத்தில் மஞ்சள் நீர் கசிந்து, வடிந்தது.

பிரவீனா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"இதுல சர்க்யூட் போர்டே இல்ல சார்" என்றான் ராமராஜன், மெதுவாக. "அப்ப இவ்ளோ நாளா ஊட்டுக்குக் கரண்ட்டு எதுல வந்துக்கினு இருந்துச்சு?"

அவன் கையைப் பேன்ட்டில் துடைத்தான். மறுபடி துடைத்தான். வேறு ஆளை அனுப்புகிறேன் என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கருவிப் பையைக் கூட எடுக்கவில்லை. பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

வசந்துக்கு முகம் கறுத்தது. அருவருப்பு அவனிடம் எப்போதும் கோபமாகத்தான் வரும். ராமராஜன் விட்டுப்போன பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான்.

"இந்த நாத்தத்த வெச்சிக்கினு எப்பிடி இருக்கறது? நான் அறுத்து எடுக்கறேன். நீ மேல போயி பேனலு ஒயர கழட்டிடு."

"வேணாங்க. யாராச்சும் வரட்டும்."

"யாரு வருவா இதுக்கு? போம்மா."

அந்த வாடையை விட்டு விலகினால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஏறினாள்.

மாடியில் வெயில் கண் கூசியது. பேனல்கள் நீலமாகப் பளபளத்தன. எங்கோ டவுன் பஸ் ஹாரன் அடித்தது. எல்லாம் எப்போதும்போல். ஒயர்கள் பேனல்களுக்கு அடியில். முழங்காலிட்டுக் குனிந்தாள்.

அடிப்பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும்.

மாநிறமாக இருந்தது.

தோல். மயிர்க்கால்கள். இரும்புச் சட்டம் அழுந்திய இடங்களில் அக்குள்போல் மடிப்பு. மடிப்பில் வியர்வை. ஒரு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக.

நகர்ந்தாள். அவள் நிழல் அதன்மேல் விழுந்தது. நிழல் பட்ட இடம் புல்லரித்தது. அங்கிருந்து அடுத்த பேனல். அதற்கடுத்தது. கடைசி வரை.

கீழே பிளேயர் நறுக்கும் ஒலி.

தோல் முழுவதும் ஒரே இழுப்பில் சுருங்கியது.

"ஏங்க, வெட்டாதீங்க." படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"கைய வுடு" என்றான் வசந்த், கீழிருந்து. யாரிடமோ சொல்வதுபோல். "வுடுன்றேன்."

பிறகு சத்தமே இல்லை.

எழ முயன்றாள். முந்தானை இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்தது. படிக்கட்டிலிருந்து ஒயர்களை மேலே கொண்டுவரும் கறுப்புக் குழாய் சுவரோரம் அசைந்தது. அதன் அடியில் ஒரு புடைப்பு. மெல்ல ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று, அதைவிடப் பெரிதாக. விழுங்கும் தொண்டைபோல் குழாய் விரிந்தது, சுருங்கியது. புடைப்புகள் இரண்டும் பேனலுக்குள் போயின.

அவள் முகத்துக்கு நேர் மேலே தோல் உப்பியது. உள்ளிருந்து ஐந்து விரல்கள் அதை அழுத்தின. விரிந்தன. வெளியே வர வழி தேடி, மெதுவாக, ஓரம் ஓரமாகத் தடவத் தொடங்கின.