பழுப்பில் பட்ட வெட்டு

வெட்டிக் கட்டிய கொப்புகள் ஒன்பது நாளாகியும் வாடவில்லை. ஏசுரத்தினம் தொட்டுப் பார்த்தார். பச்சையாக, ஈரமாக இருந்தன.

சைப்ரஸ் வேலியில் வெளிப்பச்சையை மட்டும்தான் சீவ வேண்டும். உள்ளே பழுப்புக் கட்டையில் கத்தரி பட்டால் அந்த இடம் பிறகு தளிர்க்கவே தளிர்க்காது. தேவிகுளத்துக்கு மேலே, எஸ்டேட் பங்களாவில் முப்பது வருடமாக இதே வேலை; ஆனாலும் யானைக்கும் அடி சறுக்கும். அன்றைக்கு இருந்த அசதியில் கை ஆழமாகப் போய், ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. மேனேஜர் பார்த்தால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். பாவி மனுஷன், கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பன்னிரண்டு வருடத்துக்கு முன் சின்னப் பிள்ளையாகவே காய்ச்சலில் போன மகள் ஜிஷாவின் தலைமாட்டு சைப்ரஸில் நாலு கொப்பு வெட்டி வந்து, கம்பியால் கட்டி ஓட்டையை மறைத்தார். அந்த மரத்தை நட்டு வளர்த்தவள் மனைவி பிலோமி. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பிலோமி கல்லறைப் பக்கம் போகவில்லை. தண்ணீர்க் குடத்தோடு நேரே வேலிக்கு வந்து, அந்த இடத்தில் ஊற்றினாள். ஏன் என்று கேட்டதற்கு, கால் இங்கேதான் கூட்டி வந்தது என்றாள்.

இன்று நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. பிசின் வாசனையும் ஈரமண் வாசனையும் மூச்சை அடைக்க, தூரத்துத் தேயிலை பாக்டரியின் இரைச்சலுக்கு நடுவே, காற்றே இல்லாத வேலியில் அந்த ஓரிடம் மட்டும் மெல்லச் சலசலத்துக்கொண்டிருந்தது. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. கட்டிய கம்பியைத் தேடினார். அது பட்டைக்குள் புதைந்திருந்தது.

கீழே பிலோமியின் செருப்பு. குடம். பிலோமி இல்லை.

"பிலோமி."

வேலிக்குள் இருமல். அவளுடையதுதான்.

பச்சையை விலக்கினார். விலகவில்லை. கத்தரியை வைத்தார். ஒரு கொப்பு விழுந்தது. உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டது.

"வெட்டாதீங்க," என்றாள் பிலோமி, வெகு நிதானமாக. "புள்ளைக்கு வலிக்கி."

கத்தரி நழுவியது. இலை மூடிக்கொண்டே வந்தது. இடுக்கில் பிலோமியின் கை மட்டும் வெளியே நீண்டது. எட்டிப் பிடித்தார். இன்னும் சூடு இருந்தது.

அவள் மணிக்கட்டைச் சுற்றி, உள்ளிருந்து, நகமெல்லாம் மண்ணாக ஐந்து சின்ன விரல்கள் இழுத்துக்கொண்டிருந்தன.