அக்காவுக்கு எந்த வகுப்பு?

என் பெயர் சுவோல். வயது பதினொன்று. அமெரிக்காவில் ஒமாஹா என்ற ஊரில், எங்கள் இரண்டாவது மாடி வீட்டிலிருந்து பேசுகிறேன். நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. கம்பாலாவில் பெரியப்பா வீட்டுக்கு இதை அனுப்புகிறேன். அப்பா இப்போது அங்கேதான் இருக்கிறார். அவர் போனில் எழுத்து சரியாகத் தெரியாது. அதனால் யாராவது அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நியாகோங் அக்கா மே மாதம் பட்டம் வாங்கினாள். அன்றைக்கு நீங்கள் எல்லோரும் போனில் குலவையிட்டீர்கள். அதே நாளில் எங்கள் வீட்டுக்குள் ஒரு பயமும் வந்து உட்கார்ந்தது. அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

அக்காவின் படிப்புக்கு நாங்கள் பணம் கட்டியதே இல்லை. அவள் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடினாள். அதற்காகக் கல்லூரி படிப்பு, சாப்பாடு, அறை எல்லாம் கொடுத்தது. அதற்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர். வருடத்துக்கு ஒன்றாக ஒருவர் நான்கு பருவங்கள் ஆடலாம். முதல் வருடம் முழங்கால் அடிபட்டு அக்கா ஆடாமல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். அதனால் பட்டம் வாங்கிய பிறகும் ஆட ஒரு பருவம் மிச்சம் இருந்தது. மேல்படிப்பு படித்துக்கொண்டே அதை ஆடலாம். ஸ்காலர்ஷிப்பும் உண்டு.

ஆனால் அந்தக் கல்லூரிக்குப் புதிய கோச் வந்தார். "நீதான் பட்டம் வாங்கிட்டியேம்மா. உன் இடத்துக்கு ஒரு சின்னப் பொண்ணைப் பாத்துட்டேன்" என்று கை குலுக்கி அனுப்பிவிட்டார்.

வேறு கல்லூரி எதுவாவது கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் இறைச்சித் தொழிற்சாலை. அம்மா வேலை செய்யும் அதே குளிர் ஹால். காலையில் அம்மாவின் விரல்கள் மடங்கவே மடங்காது. நான்தான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பேன். அக்காவின் விரல்களும் அப்படி ஆகிவிட்டால் பந்தை எப்படிப் பிடிப்பாள்?

அக்கா போனைத் தரையில் வைத்து அதன் எதிரே உட்கார்ந்திருப்பாள். அது அடிக்காது. ஒருநாள், போன் கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகப்பட்டு அம்மாவின் போனிலிருந்து நான் அடித்துப் பார்த்தேன். அக்கா பாய்ந்து எடுத்தாள். நான் "ஹலோ" என்றேன். அதன்பிறகு சாயங்காலம் வரை நான் குளியலறையில்தான் இருந்தேன், கதவைப் பூட்டிக்கொண்டு.

ஜூன் மாதம் ஒரு கோச் கூப்பிட்டார். பெயர் ஹ்ருஷ்கா. மேற்கே ஒரு சின்னக் கல்லூரி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பேசுவதாகச் சொன்னார்.

அம்மா தரையை இரண்டு முறை துடைத்தார். எனக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு என் முகவாயைப் பிடித்தார்.

"அப்பா சொன்னது ஞாபகம் இருக்குல்ல? விருந்தாளி சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் சின்னப் புள்ளைங்க வாயத் திறக்கக் கூடாது. நீ ஏதாவது உளறி, அந்தம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா அவ்வளவுதான்."

கோச் ஹ்ருஷ்கா கதவில் தலை இடிக்கும் அளவு உயரம். எங்கள் சோபாவில் உட்கார்ந்ததும் முழங்கால்கள் முகவாய்க்கு வந்துவிட்டன. கீரைக் குழம்பில் கிஸ்ரா ரொட்டியைத் தோய்த்துக் கையாலேயே சாப்பிட்டார். மூன்றாவது முறை தட்டை நீட்டியபோது அம்மாவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

அவர் சொல்லச் சொல்ல, அக்கா அதை நம் மொழியில் அம்மாவுக்குச் சொன்னாள். அறை கொடுப்பார்களாம். சாப்பாடு கொடுப்பார்களாம். ஷூ கொடுப்பார்களாம். முழங்காலைப் பார்க்கத் தனி டாக்டராம். மேல்படிப்புக்கான கட்டணம் முழுவதையும் கல்லூரியே கட்டுமாம். ஆகஸ்டில் பையோடு வந்து இறங்கினால் போதுமாம்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பழைய கால்பந்துக் கதை ஒன்று ஞாபகம் வந்தது.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், பூங்காவில் கால்பந்து ஆடுவதைப் பார்த்து ஒரு கோச் என்னைப் பள்ளி அணியில் சேர்த்துக்கொண்டார். சட்டைகூடக் கொடுத்தார். முதல் போட்டிக்குப் போனால், "இவன் எந்த வகுப்பு?" என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. என்னைப் பள்ளியில் இன்னும் சேர்க்கவே இல்லை. அணியில் சேர்ந்ததால் பள்ளியிலும் சேர்ந்துவிட்டேன் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்றுதான் ஆட்டம் பார்த்தேன்.

இந்தக் கோச் எல்லாவற்றையும் சொன்னார். வகுப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அம்மாவின் காதில் மெதுவாகச் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். தட்டில் இன்னும் கிஸ்ரா இருந்தது. விருந்தாளி எழுந்திருக்கவில்லை. நான் பேசினால் அவர் கோபித்துக்கொண்டு போய்விடலாம். பேசாவிட்டால் அக்கா ஆகஸ்டில் வேலிக்கு வெளியே நிற்கலாம்.

"அக்காவுக்கு எந்த வகுப்பு?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். என் குரல் எனக்கே எலி கத்துவதுபோல் இருந்தது.

அக்கா முறைத்தாள். "டேய், சும்மா இருடா."

கோச் சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். "அதானே, நானும் கேக்கணும்னு நினைச்சேன். எந்தத் துறைக்கு விண்ணப்பம் போட்டிருக்க?"

அக்கா தலையைச் சொறிந்தாள். "அது... நீங்க பாத்துக்குவீங்கன்னு நினைச்சேன், கோச். போன தடவை கோச்தான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டாங்க."

கோச்சின் சிரிப்பு போய்விட்டது. தட்டைக் கீழே வைத்தார்.

"அப்போ நீ பள்ளிக்கூடம் முடிச்சு வந்த பொண்ணு. இப்போ மேல்படிப்பு, கண்ணு. அணியில இடம் நான் குடுக்கலாம். வகுப்புல இடம் அந்தத் துறை வாத்தியாருங்கதான் குடுக்கணும். நீ போட்டிருப்பேன்னு நான் நினைச்சுட்டேன். வகுப்புல சேரலைன்னா ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, ஆட்டமும் கிடையாது."

அக்கா இதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கோச் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். சுவர் வழியாக அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் கேட்டதால்தான் எல்லாம் கெட்டுப்போனது என்று தோன்றியது.

அவர் திரும்பி வந்தார். பல துறைகளில் சேர்க்கை முடிந்துவிட்டதாம். பொதுச் சுகாதாரம் என்ற படிப்பு மட்டும் வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கிறதாம். பழைய கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு பேர் அக்காவைப் பற்றி நல்லபடியாக எழுதித் தர வேண்டுமாம்.

போகும்போது கோச் என் தலையில் கை வைத்தார். அது பாராட்டா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. கையும் கனமாக இருந்தது.

மறுநாள் அக்கா ஆசிரியர்களைக் கூப்பிட வேண்டும். எதிர் அணியில் ஐந்து பேர் சூழ்ந்தாலும் பயப்படாதவள், போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"அவங்களுக்கு என்னை ஞாபகமே இருக்காதுடா. நான் கடைசி பெஞ்சு."

"நீ ஆறடி ரெண்டங்குலம்" என்றேன். "எந்த பெஞ்சுல உக்காந்தாலும் தெரிவ."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கும் முன் நானே பொத்தானை அழுத்திவிட்டேன். கணக்கு ஆசிரியருக்கு அவளை நன்றாகவே ஞாபகம் இருந்தது. பேருந்தில் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போதும் கணக்குப் போட்டு அனுப்பிய பெண் அவள் ஒருத்திதானாம். உயிரியல் ஆசிரியரும் சரி என்றார். வியாழக்கிழமை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

பிறகு காத்திருப்பு. அது எல்லாவற்றையும்விட மோசம். அம்மா தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் அக்காவின் கையுறை அளவைச் சொல்லிவிட்டார் என்று கேட்டபோது, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நேற்றுக் காலை பதில் வந்தது. அக்காவால் பார்க்க முடியவில்லை. போனை என்னிடம் தள்ளிவிட்டு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். நான் படித்தேன். பொதுச் சுகாதாரம், முதல் வருடம். இடம் இருக்கிறது. மத்தியானம் கோச் ஸ்காலர்ஷிப் தாள்களை அனுப்பினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். அம்மா ஜன்னலைத் திறந்துவைத்துக் குலவையிட்டார். கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஓர் உதவி செய்யுங்கள். அப்பாவிடம் முதலில் அக்காவுக்கு இடம் கிடைத்ததைச் சொல்லுங்கள். அவர் நன்றாகச் சிரித்து முடித்த பிறகு, விருந்தாளி சாப்பிடும்போது நான் வாய் திறந்ததைச் சொல்லுங்கள்.