பூங்கா முகத்தின் வாய்

காலையிலிருந்தே தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்ததால், பூங்காவின் நடுவே வாயைப் பிளந்து நின்ற அந்த ராட்சத சிமென்ட் முகத்தில் அப்பிய முதல் கலவை உள்ளே போய்விட்டதைத் தன் கைத்தளர்ச்சி என்றுதான் கொத்தனார் நினைத்தார். பழைய சிமென்ட் தண்ணீரை உறிஞ்சும். கலவையையே விழுங்குமா?

முகத்தைச் செய்தது, ஒரு காலத்தில் கறுப்பு உடையும் சடைமுடியுமாக ஊரில் திரிந்த ஒரு கூட்டம். கிண்டலாகக் கவிதை எழுதுவார்கள். வட்டமாக உட்கார்ந்து ஆவிகளைக் கூப்பிடுவார்கள். மோவாய்க்குக் கீழே அவர்கள் பொறித்த வரியை, கீழே கலவை குழைத்துக்கொண்டிருந்த கொத்தனாரின் தங்கை புருஷன் உரக்கப் படித்தான்.

"'இந்த வாயை மூடாதீர்கள். ஊரில் மூடிய வாய்கள் போதுமான அளவு இருக்கின்றன.' மச்சான், இது என்னைப் பார்த்து எழுதினது. உங்க தங்கச்சி முன்னாடி நான் வாயைத் திறந்தே வருஷமாச்சு!"

"அதுக்கும் சேத்து இங்க பேசுற. சட்டியைத் தூக்கு மாப்ள."

உள்ளே புறா அடைகிறது, நாறுகிறது, வாயையும் மூக்கையும் அடைத்துவிடு என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். ஓட்டையைக் கண்டால் அடைக்கத்தான் கொத்தனாருக்குக் கை போகும். வெயில் இறங்க இறங்க, கரண்டி உரசும் ஓசையும் சாரக்கட்டையின் முனகலும் மட்டும் மிஞ்சிய அந்த நேரத்தில், வாய்க்குள்ளிருந்து புறா எச்சத்தின் நாற்றம் வரவில்லை. வெதுவெதுப்பாக, மாப்பிள்ளை சற்று முன் குடித்த இஞ்சி டீயின் வாசம் வந்தது. கலவை இறுகும்போது சூடாகும். இவ்வளவு சீக்கிரம் ஆகாது. இருந்தாலும் வாயை மூடி, ஒரு மூக்குத் துவாரத்தையும் அடைத்து, வழக்கம்போல ஓரத்தில் கரண்டியைச் சுழித்து முடித்தார்.

"இன்னொரு சட்டி குடு மாப்ள."

சட்டி மேலே வரவில்லை.

திரும்பினார். மாப்பிள்ளை இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு நின்றான். அவன் வாய் இருந்த இடம் சாம்பல் நிறத்தில், ஈரமாக, வழவழவென்று இருந்தது. ஓரத்தில் கரண்டிச் சுழிப்பு. அவருடைய கைவேலை. ஒரு மூக்குத் துவாரமும் இல்லை. மற்றது விரிந்து விரிந்து சீட்டியடித்தது.

உளியை எடுத்தார். சிமென்ட் வாயில் ஒரே அடி. சில்லு தெறித்தது. கீழே மாப்பிள்ளையின் கன்னம் பிளந்தது.

உளியைப் போட்டார். விரலால் தோண்டினார். கீழே சதை பிய்ந்தது. மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். வேண்டாம்.

தண்ணீரை வாரி ஊற்றினார். பூச்சு அசையவில்லை. கல்லாகிக்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. தங்கை.

"அண்ணே, அவர் ஃபோனை எடுக்கலை. பக்கத்துல இருக்காரா?"

கொத்தனார் ஃபோனைக் காதில் வைத்தபடி கீழே நின்றவனைப் பார்த்தார்.

மூடிய சிமென்ட் வாய்க்குப் பின்னாலிருந்து, அமுங்கிய குரலில் மாப்பிள்ளை பேசினான்.

"மச்சான், அவகிட்ட சொல்லாதீங்க."

"இருக்காரே, குரல் கேக்குதே! எப்பண்ணே அனுப்புவீங்க?"

யாரும் தொடவில்லை. சிமென்ட் முகத்தில் பூச்சின் ஈர விளிம்பு மெல்ல மேலே ஊர்ந்து, மீதித் துவாரத்தையும் மூடி, ஓரத்தில் தானாகச் சுழித்துக்கொண்டது.

கீழே சீட்டிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளை கும்பிட்ட கையோடு நின்றான்.

"அண்ணே?"

தங்கைக்கு அவர் திருப்பித் தரவேண்டிய பாக்கி, அவளுடைய புருஷன்.