ஷட்டர் தலையாட்டிய மதியம்

கூடத்து ஜன்னலின் ஷட்டர் ஒரு சாண் இறங்கி, உடனே ஏறி நின்றது. யாரும் பட்டனைத் தொடவில்லை.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள்; மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டின் ஷட்டர்களையெல்லாம் செல்போனோடு இணைப்பதற்கென்றே லீவு போட்டு, காலையில்தான் அந்த வேலையை முடித்திருந்தான் அவன். 'போன் இருக்கும்போது சுவிட்ச் எதுக்கு?' என்று சுவர் சுவிட்சுகளையும் கழற்றிப் போட்டாயிற்று. அவ்வளவு மிதப்பு மனுஷனுக்கு!

ஷட்டர் மாட்டிய எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டான்.

"தலையாட்டுச்சா சார்? அப்போ புதுசா ஒரு ரிமோட்டை ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். பழைய ரிமோட்டுல பின்பக்கப் பட்டனை அமுக்காம அது நடக்காதே. பாப்பா கையில கிடைச்சிருக்குமோ?"

"ரிமோட் என் பையிலதான் இருக்கு, அண்ணே."

"வீட்டுல வேற யாரு சார் இருக்கா?"

பதில் சொல்வதற்குள் மோட்டார்கள் முனக ஆரம்பித்தன. கூடம், சமையலறை, வாசல் என்று தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரகரத்து இறங்க, மதிய வெயில் கோடுகோடாக நறுக்குப்பட்டு, சூடேறிய கிரீஸ் வாடையோடு வீடே இருண்டுபோயிற்று. கடைசித் தகடு தரையில் முட்டியதும் சிக்னலும் செத்தது. ரிமோட்டை அமுக்கினான். ஒன்றும் அசையவில்லை. செல்போன் மட்டும், 'எல்லாம் திறந்திருக்கிறது' என்றது. அது, தான் அனுப்பிய கட்டளையை மட்டும்தான் நம்பும். ஷட்டரிடமிருந்து பதில் வராது.

பிள்ளையை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், கடவுளே.

உள்ளறைக்கு ஓடி, கட்டிலில் சுருண்டிருந்ததைப் போர்வையோடு வாரியெடுத்தான். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டது.

"பயப்படாதடா தங்கம். அப்பா இருக்கேன்ல."

வாசலுக்கு வந்து, போனைக் கீழே போட்டு, குனிந்து தகட்டின் அடியில் விரல் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. மறுபடியும் நெம்பினான். விரல் கிழிந்தது. திடீரென்று அது தானாகவே நாலு விரல் உயரம் ஏறியது.

வெளிச்சம்.

வெளியே இரண்டு சின்னப் பாதங்கள். மேலெல்லாம் பால் சிந்தியிருந்தது.

"அப்பா! பூனைக்குப் பால் வைக்க வந்தேன்ப்பா. ஏன்ப்பா மூடிட்டீங்க?"

அவள் குரல். அவளேதான்.

அவன் மூச்சு விடவில்லை. தோளில் இருந்ததும் விடவில்லை.

ஷட்டர் இறங்கத் தொடங்கியது. நாலு விரல். இரண்டு. ஒரு கோடு.

கழுத்தைக் கட்டியிருந்த கைகள், மெதுவாக, இன்னொரு சுற்று சுற்றின.